பாஞ்சாலி காதில் விழுந்த குண்டு

ஒரகடம் கூட்டு ரோட்டில் இட்லிக்கடை வைத்திருந்த பாஞ்சாலிக்கு, ஊரில் யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது எட்டிப் பார்க்காமலே தெரியும். அதை அவள் மறைத்ததும் கிடையாது. கடையை வைத்துக்கொண்டு காதைப் பொத்திக்கொள்ள முடியுமா என்பது அவள் கட்சி. புருஷன் கண்ணப்பன் வாலாஜாபாத் அரிசி மில்லுக்கு விடிந்ததும் போய்ப் பொழுது சாய்ந்து வருகிறவன். வீட்டில் அவன் வாய் திறப்பதென்றால் சோறு தின்பதற்குத்தான். இப்படிப்பட்டவளைப் போலீஸே கூப்பிட்டு, கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொள் என்று சொன்னால் கேட்கவா வேண்டும்? பாஞ்சாலிக்குத் தலைகால் புரியவில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து நாடே ஆடிப்போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை. பஸ்ஸை நிறுத்திப் பையைப் பிரித்துப் பார்த்தார்கள். முகம் தெரியாத எவனும் டீக்கடையில் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியவன், எந்த ஊர், யார் வீட்டுக்கு என்று பதில் சொல்லாமல் ரோட்டைத் தொட முடியாது. இதெல்லாம் போதாதென்று மேலேயிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஊருக்கு ஊர் பாதுகாப்புக் குழு. நடந்த பிறகு ஓடிப் பிடிப்பதைவிட நடக்கும் முன்னே தடுப்பது மேல், அதற்கு ஜனங்கள்தான் போலீஸுக்குக் கண்ணாக இருக்க வேண்டும் என்று சப்-இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டு விளக்கினார். வெளியூர் ஆளுக்கு வீடு விட்டால் போலீஸ் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். புதுமுகம் கண்டால் சொல்ல வேண்டும். கேட்கக் கூடாத பேச்சு காதில் விழுந்தால் உடனே ஓடி வந்து சொல்ல வேண்டும்.

சொன்னது தப்பாகப் போய்விட்டால் என்று பின்வரிசையிலிருந்து யாரோ இழுத்தார்கள்.

"சந்தேகம்னா வந்து சொல்லுங்க, அவ்வளவுதான். அது சரியா தப்பான்னு பாக்குறது எங்க வேலை," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

பாஞ்சாலிக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்திருந்தது. குழுவில் பெண்கள் சார்பாக ஒருத்தி வேண்டும் என்றதும் மொத்தக் கூட்டமும் அவளைத்தான் கை காட்டியது. அதில் பாதி கேலி. அவள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாளிலிருந்து சட்னி ஊற்றும்போதே கேள்வியும் ஊற்ற ஆரம்பித்தாள்.

கடைக்குப் பின்னால் ஓட்டு வீடு. வீட்டை ஒட்டி ஓர் அறை. அதில் பொங்கல் கழிந்ததிலிருந்து யாக்கோபு குடியிருந்தான். மார்த்தாண்டத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ மலையடிவாரத்து ஊர் அவனுக்கு. சேரப்பணஞ்சேரி போகிற வழியில் ஒரு கம்பெனி புதிதாக ஷெட் போட்டுக்கொண்டிருந்தது. தூணுக்கும் மெஷினுக்கும் அஸ்திவாரம் பறிக்கிற ஆட்களுக்கு இவன் மேஸ்திரி. கான்ட்ராக்டர் மோகன்ராஜ் அழைத்து வந்தவன். உத்தரவு வந்ததும் பாஞ்சாலியே இவனைப் பற்றி முறையாக ஸ்டேஷனில் சொல்லிவிட்டும் வந்திருந்தாள். தங்கமான பையன். பீடி, தண்ணி எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய்விடுவான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது; இரண்டு மாதத்துக்கு ஒரு நடை ஊருக்குப் போய் வருவான். ஷெட் முடிந்ததும் கம்பெனியிலேயே நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு இருக்கிறது, அப்புறம் பெண்டாட்டியைக் கூட்டி வந்துவிடுவேன் என்று கடையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி மாய்வான்.

பேச்சு ஒன்றுதான் பாஞ்சாலிக்குப் பிடிபடவில்லை. ராகம் போட்டு இழுத்து, எதற்கெடுத்தாலும் ஓர் ‘ஆக்கும்’ வைத்து முடிப்பான். பாதி புரியும், மீதியை அவள் குத்துமதிப்பாக எடுத்துக்கொள்வாள். கடைக்கு வருகிறவர்கள் அவன் வாயைத் திறந்தால் சிலோன் ரேடியோ வைத்தாச்சு என்று கிண்டல் அடிப்பார்கள். அவனும் சிரிப்பான். மே மாதத்துக்குப் பிறகு அந்தக் கிண்டலில் சிரிப்பு குறைந்துபோயிருந்தது.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம். பாஞ்சாலி பின்கட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். உளுந்துக்குத் தண்ணீர் தெளிக்கக் குழவியை நிறுத்திய நேரம், அறை வாசலில் யாக்கோபு அவன் ஊர்க்காரன் ஒருத்தனோடு பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"குண்டு எல்லாம் ரெடியாக்கும். நாளைக்குப் பெரியவரு வருவாரு. அவரு வந்து நிக்கும்போ ஒரு குறையும் இருக்கப்பிடாது, கேட்டியா."

"அவரு வாற வழியில ஒண்ணு உண்டே?" என்றான் மற்றவன்.

"அதுக்க மேல பலகைய வச்சு மூடிப்போடு. வெளிய தெரியப்பிடாது."

பாஞ்சாலிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குண்டு. பெரியவர். வழியில் ஒன்று. பலகை போட்டு மூடி. இதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டு மாதத்துக்கு முன்னால் கூப்பிடு தூரத்தில் நடந்ததுதானே! மாவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கண்ணப்பன் வந்ததும் வராததுமாகச் சொன்னாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டுவிட்டு, அந்தப் பையனாவது குண்டாவது, உனக்குக் குழுவில் சேர்ந்ததிலிருந்து கொழுப்பு ஏறிவிட்டது என்று முடித்துவிட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் கடையைத் திறக்காமல் முதல் பஸ் பிடித்து ஸ்டேஷனுக்குப் போனாள். கேட்டதைச் சொன்னாள். கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவும் சொல்லியிருப்பாள். பாஞ்சாலி வாயில் புகுந்து எந்தக் கதையும் இளைத்து வெளியே வந்தது கிடையாது.

ஜீப் நேராக ஷெட் போடுகிற இடத்துக்குப் போனது. கையில் கடப்பாறையோடு நின்ற யாக்கோபைச் சட்டையைப் பிடித்து ஏற்றினார்கள். அவனோடு பேசிக்கொண்டிருந்த அந்த ஊர்க்காரன் ஜீப்பைக் கண்டதும் எடுத்தான் ஓட்டம்; அன்றைக்கே ரயிலேறிவிட்டான் என்றார்கள். ஓடினது ஒன்று போதாதா? அறையைச் சோதனை போட்டதில் ஒரு பைபிள், பெண்டாட்டி போட்டோ, மட்டம் பார்க்கிற ரசமட்டம், நூல் கட்டிய பித்தளைத் தூக்குக்குண்டு இவ்வளவும் கிடைத்தன. கடைசியில் சொன்னதன் பெயரைக் கேட்டதும் வந்திருந்த கான்ஸ்டபிள் முகம் மாறிவிட்டது. அது சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற கொத்தனார் சாமான் என்று, சேதி கேட்டு மில்லிலிருந்து ஓடி வந்த கண்ணப்பன் சொல்லிப் பார்த்தான். அதை யார் காதில் வாங்கினார்கள்? எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள்.

ஊரில் பாஞ்சாலிக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. படப்பையிலிருந்தெல்லாம் ஆள் வந்து இட்லி தின்றுவிட்டுக் கதை கேட்டுப் போனார்கள். அவளும் சளைக்காமல் சொன்னாள். ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. ஷெட்டில் வேலை செய்கிற தெற்கத்தி ஆட்கள் ஒருத்தன்கூடக் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. காலையில் கும்பலாக வந்து கொட்டிக்கொண்டு போகிறவர்கள், இப்போது எதிர்ப்பக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். நான் என்ன உங்களையா பிடித்துக் கொடுத்தேன் என்று பாஞ்சாலிக்குக் கோபம். கோபம் தீர்ந்ததும் மனசு கேட்கவில்லை. வேலை செய்கிற பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்களோ என்னமோ என்று, ஒரு நாள் அண்டாவில் இட்லியை அடுக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தானே கிளம்பிவிட்டாள்.

முந்தின நாள் நல்ல மழை. இடமெல்லாம் செம்மண் சேறு. கம்பி வேலியைத் தாண்டி இரண்டு எட்டு வைத்திருப்பாள், அந்தப் பக்கமிருந்து ஒருத்தன் கையை ஆட்டிக்கொண்டு கத்தினான்.

"யக்கா, அங்கனயே நில்லுங்க. முன்னால குண்டு கெடக்கு!"

அண்டா ஒரு பக்கம், பாஞ்சாலி ஒரு பக்கம். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சேற்றில் குப்புற விழுந்தாள். முருகா முருகா என்று வாய் அரற்றியது. ஒன்றும் வெடிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கண்ணைத் திறந்தால், இட்லியெல்லாம் மண்ணில் உருண்டு கிடக்க, கத்தினவன் பக்கத்தில் வந்து திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். அவளுக்கு ஓரடி முன்னால் பலகை ஒன்று கிடந்தது. அதைக் காலால் தள்ளினான். அடியில் சதுரமாக வெட்டிய பள்ளம். விளிம்பு வரை கலங்கல் தண்ணீர்.

"இன்னாடா இது?" என்றாள்.

"குண்டாக்கும். மழையில வெள்ளம் நெறஞ்சு கெடக்கு. விழுந்தா ஆளு முங்கிப்போவும்."

வெள்ளமா, இந்தக் குழிக்குள்ளா என்று விழித்தாள். தண்ணியத்தான் அப்படிச் சொல்லுவோம் என்றான் அவன். அப்புறம் அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் பயந்து பயந்து பதில் சொன்னான். மண்ணில் வெட்டுகிற குழிக்கு அவர்கள் ஊரில் குண்டு என்று பெயர். பெரியவர் என்றால் கம்பெனியின் பெரிய இன்ஜினியர். குழியெல்லாம் அளவாக இருக்கிறதா என்று பார்க்க அவர் அன்றைக்கு வருவதாக இருந்தது. வழியில் கிடக்கிற குழியில் தவறி விழுந்துவிடக் கூடாதே என்று பலகை போட்டு மூடச் சொன்னது யாக்கோபு மேஸ்திரிதான்.

பாஞ்சாலி அந்தக் குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். யாக்கோபு, தட்டில் போட்டதை மறுபேச்சில்லாமல் தின்றுவிட்டுப் போகிறவன். என்ன பாவத்தைச் செய்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழுதால் ஆகாது என்று எழுந்து, சேற்றுப் புடவையோடேயே கான்ட்ராக்டர் மோகன்ராஜிடம் போனாள். ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இந்த விவகாரத்தில் வாயைக் கொடுத்தால் தன்னையும் உள்ளே பிடித்துப் போட்டுவிடுவார்கள், தனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது, வேறே மேஸ்திரியையும் போட்டாயிற்று என்று மனுஷன் நழுவிவிட்டார்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் அவளை உட்காரச் சொன்னார். குழுவில் இருப்பவள் அல்லவா! அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"மேல போயிடுச்சும்மா. நாளைக்குக் காலைல மெட்ராஸ்லேருந்து வந்து கூட்டிட்டுப் போறாங்க. அங்க போனா அவன் எப்ப வருவான்னு எனக்கே தெரியாது."

"குண்டுன்னா அவங்க ஊருல குழி சார். நான் கண்ணால பாத்துட்டு வரேன்."

"அவனும் பிடிச்சதுலேருந்து அதையேதான் சொல்றான். மாட்டினவன் ஆயிரம் சொல்லுவான். தமிழ்ல குண்டுன்னா குண்டுதான். குழியைப் போய் எவன் குண்டும்பான்?"

"சரியா தப்பான்னு பாக்குறது எங்க வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அந்த நேரம் பார்த்து ஜீப் டிரைவர் ரகுபதி உள்ளே வந்தான். முழங்கால் வரைக்கும் சேறு. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் புலம்ப ஆரம்பித்தான்.

"வாலாஜாபாத் ரோட்டுல இனிமே வண்டி எடுக்க முடியாது சார். மழைல பூரா குண்டும் குழியுமா கீது."

பாஞ்சாலி விருட்டென்று எழுந்தாள்.

"இவரைப் புடிங்க சார். ரோடு பூரா குண்டு கீதுன்றாரு. எவன் வெச்சான்னு கேளுங்க."

ரகுபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று இவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ரைட்டர் முதலில் களுக்கென்று சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். தினமும் எல்லார் வாயிலும் புழங்குகிற பேச்சு அது. சப்-இன்ஸ்பெக்டருமே அன்று காலையில் அப்படித்தான் ரோட்டைத் திட்டியிருப்பார். அதில் குண்டு எங்கே இருக்கிறது என்று யாரும் நின்று கேட்டது கிடையாது.

ரகுபதியை வெளியே போகச் சொல்லிவிட்டு அவர் சொன்னார்: "நீ சொன்னது தப்புன்னு நீயேதான் சொல்லணும். அப்புறம் உன்னைக் குழுவுல வெச்சிக்க முடியாது. நாளைக்கு அவனால எதுனா ஆச்சுன்னா உன்னைத்தான் வந்து கேப்பாங்க."

"வந்து கேக்கட்டும் சார்," என்றாள் பாஞ்சாலி.

அதற்கப்புறம் டெலிபோனில் ஒரே பேச்சு. மேலே இருப்பவர்களுக்கு இந்தக் குண்டு குழி சமாசாரத்தைப் புரிய வைப்பதற்குள் சப்-இன்ஸ்பெக்டருக்கு வியர்த்துவிட்டது. அவன் ஊர் ஸ்டேஷனிலிருந்து, ஆள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று பதில் வந்திருந்ததையும் எடுத்துச் சொன்னார். அது வந்து சில நாளாகியிருந்தது போலிருக்கிறது. அப்போது வேண்டியிருக்கவில்லை, இப்போது வேண்டியிருந்தது. பாஞ்சாலி வாசல் மரத்தடியில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் யாக்கோபை வெளியே விட்டார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வலது பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். பாஞ்சாலியால் பொறுக்க முடியவில்லை. நான்தான்ப்பா போய்ச் சொன்னேன் என்றாள். தெரியும் என்றான். வேறொன்றும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். ஒரகடம் வருகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவன், இறங்கப் போகும்போதுதான் கேட்டான்.

"அக்கா, மண்ணுல வெட்டுததுக்கு உங்க ஊருல என்ன சொல்லுவினும்?"

"பள்ளம்னு சொல்லுவோம்ப்பா. குழின்னும் சொல்லுவோம்."

"பள்ளம்," என்று அவன் தனக்குள்ளே ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

அறையைக் காலி செய்துவிடுவான் என்றுதான் நினைத்தாள். செய்யவில்லை. போலீஸ் பிடித்துப் போன ஆளுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறே எவன் வீடு விடுவான்? மோகன்ராஜ் அவனை மேஸ்திரியாக வைத்துக்கொள்ளவில்லை, கூலி ஆளாக மண் சுமக்கச் சொன்னார். கம்பெனியில் நிரந்தரமாக எடுத்தால் போதும் என்று அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான். பாதம் சரியாக இரண்டு மாதம் பிடித்தது. குழுவில் பாஞ்சாலி இடத்துக்கு மாவு மில்காரர் பெண்டாட்டியைப் போட்டார்கள். பாஞ்சாலிக்கு அதில் வருத்தமில்லை, சனியன் விட்டது என்று இருந்தாள். யாக்கோபு கடைக்கு வருவான், தின்பான், போவான். கேட்டதற்கு மட்டும் பதில். அந்த ராகமும் இல்லை, ‘ஆக்கும்’ என்பதும் இல்லை. ‘இன்னா’ என்றும் ‘கீது’ என்றும் அவன் வாயிலிருந்து வரும்போது பாஞ்சாலிக்கு என்னவோ போல இருக்கும்.

தீபாவளிக்கு முன்னால் பெண்டாட்டியைக் கூட்டி வந்தான். ரத்தினம் என்று பெயர். சின்னப் பெண், ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். பாஞ்சாலிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தப் பெண்ணுக்காவது செய்து தன் பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் ரத்தினம் குடத்தோடு பின்கட்டு வாசலில் வந்து நின்றாள். வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி வேணும்."

பாஞ்சாலிக்குச் சிரிப்பு வந்தது, பாசமாகவும் இருந்தது. என்னிடம் எதற்கடி பெண்ணே இந்தப் பாடம் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. குடத்தை வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"தண்ணிக்கு உங்க ஊருல இன்னாமா சொல்லுவீங்க?"

ரத்தினம் முகம் வெளிறிப்போய்விட்டது. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், திரும்பி அறையைப் பார்த்தாள். அதற்குள் யாக்கோபு சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்து, பெண்டாட்டிக்கு முன்னால் நின்றுகொண்டான்.

"தண்ணின்னுதான் சொல்லுவோம்க்கா," என்றான். "எங்க ஊருலயும் தண்ணின்னுதான் சொல்லுவாங்க."